நான் கழித்துப் போட்ட கல்

மாப்ளே,

நேற்றுக் காலை திருப்பதியில் என் மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு சொம்புத் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது. மேடை முழுக்கக் கருப்புக் கல். மகள் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இரும்மா, தானா காயட்டும்" என்றேன். ஈரம் விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கிச் சுருங்கிக் காய்வதை அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தேன். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் குழாய்க்குக் கீழே தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு மட்டும் ஈரமாகவே இருந்தது. "உனக்குக் கல்லு வித்தவன் ஏமாத்திட்டாம்மா" என்றேன். "ஊடு வாங்கி ஆறு வருசம் ஆவுது நைனா. இப்பப் போயி யாராண்ட சண்ட போடறது? தள்ளு, பொங்கலு அடிபுடிக்குது" என்றாள்.

நான் வேலையை விட்டே பல வருஷம் ஆகிறது. இன்னும் கல்லைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றுகிறது. ஆளைப் பார்த்தால் எதை மறைக்கிறான் என்று தேடத் தோன்றுகிறது. "தண்ணிய ஊத்திட்டு மூஞ்சிய அப்பிடி வெச்சிக்காத மச்சான், கல்லுக்கே பயமாக் கீது" என்று நீ கேலி செய்வாய். அந்த மேடைக்கு முன்னால் நிற்கும்போது அதே குரல் காதில் விழுந்தது போல் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல முடியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது.

நகரிக்கு மேற்கே நம் ஊர்க் குன்று அதுவரை ஆடு மேய்கிற குன்றாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளில் திடீரென்று வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் நம் கருப்புக் கல் வேண்டியதாகிவிட்டது. யாரோ லீஸ் எடுத்தார்கள், யாரோ ரோடு போட்டார்கள், ஒரு மாதத்தில் கிரேன் வந்து நின்றது. அடுத்தவன் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நமக்கு ஒரே நாளில் வேலை கிடைத்தது. உனக்குப் பாறையில் துளை போடுகிற ஜாக்ஹாமர் வந்தது. பத்தாவது வரை படித்திருந்த எனக்கு டேப்பும் பெயிண்ட் டப்பாவும் வந்தன. பாறையிலிருந்து பிரித்தெடுத்த கல்லை அளந்து, விரிசல் பார்த்து, நல்லதற்கு நம்பரும் கெட்டதற்குச் சிவப்பில் பெருக்கல் குறியும் போடுகிறவன்தான் மார்க்கர். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷத்தில் நீ மேஸ்திரி ஆனாய். என் தங்கை மல்லிகாவை உனக்குக் கட்டிக் கொடுத்தேன். ஊர் முன்னால் "வாங்க மாப்ளே" என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பழையபடி வா போதான். நீயும் என்னை மச்சான் என்றாய், ஆனால் அதட்டுவதை மட்டும் விடவில்லை.

குவாரியில் அப்போது என்னென்ன கட்டியிருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? மானேஜர் ஆபீஸ், கேன்டீன், டீசல் ஷெட், எல்லாவற்றுக்கும் தள்ளி வெடிமருந்து வைக்கிற மருந்து ரூம், ஆட்கள் தங்குவதற்குத் தகர லைன். இவ்வளவுக்கும் நடுவில் போர்மேனுக்கென்று ஒரே ஒரு கான்கிரீட் ரூம். ஃபேன் உண்டு, கரண்ட் உண்டு, தாழ்ப்பாள் போடுகிற கதவு உண்டு. நீயும் மல்லிகாவும் தகர லைனில் இருந்தீர்கள். சித்திரை மாதத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே மனுஷன் உட்கார முடியாது. மல்லிகா அப்போது ஐந்து மாதம். ஒருநாள் அவள் படுத்திருந்த பாய்க்குக் கீழே பாம்பு வந்தது. அன்றைக்கு அவள் என்னிடம், "கதவு ஒண்ணு இருந்தாப் போதும்ணா, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அந்தச் சமயம் பார்த்து மானேஜர் ஓர் அறிவிப்புச் செய்தார். மெட்ராஸிலிருந்து கல் வாங்க ஆள் வருகிறார், பெரிய ஆர்டர், எந்த மேஸ்திரியின் கல் அதற்குத் தேறுகிறதோ அவன்தான் போர்மேன் என்றார். நீ பதினெட்டு நாள் துளை போட்டு ஒரு கல்லை எடுத்தாய். அந்தக் குன்றில் அவ்வளவு பெரிய கல் அதற்கு முன்பும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மார்க்கர் தொடுவதற்கு முன்னால், கல்லை எடுத்த மேஸ்திரி அதன் மேல் ஏறிச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தூசியைப் பெருக்கி, நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்து, கடைசி மூலையில் குந்தி உட்கார்ந்து கற்பூரம் ஏற்ற வேண்டும். அது தானாக அணைகிற வரை எழுந்திருக்கக் கூடாது. அன்றைக்கு மதியம் அந்தக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை அழுத்தி உட்கார்ந்திருந்தாய். இறங்கி வந்து, "ஊத்து மச்சான்" என்றாய்.

ஊற்றினேன். ஆறு குடம். பிறகு காத்திருந்தேன். கல் காய்ந்தாலும் விரிசல் இருக்கிற இடத்தில் ஈரம் நிற்கும். அது கோடாகத் தெரியும். உன் கல் ஒரு கோடும் இல்லாமல் காய்ந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய கல்லில் ஒரு குறைகூட இல்லை என்றால் எங்கோ ஒளித்திருக்கிறான் என்று மனம் சொன்னது. மூன்று முறை சுற்றி வந்தேன். கற்பூரம் ஏற்றிய மூலையில் குனிந்து மோந்து பார்த்தேன். கற்பூர வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மெழுகுவத்தி வாசனை. நகத்தால் சுரண்டினேன், வெள்ளையாகப் பிசுக்கு வந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் வேறொரு செட்டு ஆட்கள் விரிசலில் மெழுகை உருக்கி ஊற்றி, மேலே கல் பொடியைத் தூவி என்னிடம் மாட்டியிருந்தார்கள். மெழுகு அடைத்த விரிசலுக்குள் தண்ணீர் இறங்காது. கல் சுத்தமாகக் காய்ந்து மார்க்கரை ஏமாற்றிவிடும். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். கற்பூரத்தை ஏன் அதே மூலையில் ஏற்றினான்? மெழுகு வாசனை தெரியக் கூடாது என்றுதான். என் புத்தி அன்றைக்கு அவ்வளவு வேகமாக வேலை செய்தது.

டீசல் ஷெட்டில் தீயை ஊதி அடிக்கிற ப்ளோ லேம்ப் இருந்தது. மெழுகை உருக்கித் துடைத்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டிருந்தால் கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். அதில் பாதிப் பேர், "கல்லு பாஸ் ஆவாம இன்னா, மார்க்கரு பொண்டாட்டிக்கு அண்ணனாச்சே" என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னை நான் சந்தேகப்பட்டதைவிட, அவர்கள் என்னைச் சந்தேகப்படுவார்களே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"ஏமய்யா மார்க்கர், ராயி ஓகேனா?" என்று கல்லைக் காட்டித் தெலுங்கில் கேட்டார் மானேஜர்.

"லேது சார். க்ராக் உந்தி. விரிசலப் பூசி மறைச்சிருக்காங்க."

நீ கத்தவில்லை. "இன்னா மச்சான் சொல்ற? எங்க க்ராக்கு, காட்டு" என்றாய்.

"உனுக்கே தெரியும்."

"நான் இன்னாத்தப் பூசுனேன்? அத்தயாச்சும் சொல்லு."

நான் சொல்லவில்லை. எங்கள் வேலையில் அது ஒரு வழக்கம். கள்ளத்தனத்தைப் பிடித்த மார்க்கர், எப்படிப் பிடித்தான் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டான். வாசனையை வைத்துப் பிடித்தேன் என்று சொன்னால் அடுத்த தடவை வாசனை இல்லாத எதையாவது பூசக் கற்றுக்கொள்வார்கள். அதனால் மெழுகு என்ற ஒரு வார்த்தை அன்றைக்கு என் வாயிலிருந்து வரவே இல்லை. "இன்னொரு தபா தண்ணி ஊத்து மச்சான்" என்று நீ கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். கோடு நேராக விழும்படி அழுத்திப் போட்டேன். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஐந்தாம் நாள் நீயும் மல்லிகாவும் சித்தூர் போய் அங்கிருந்து பெங்களூர் பஸ் ஏறிவிட்டீர்கள். கிளம்பும்போது மல்லிகா அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். நீ டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியேயே நின்றாய், என் பக்கம் திரும்பவில்லை. குற்றம் செய்தவன் எப்படித் திரும்புவான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போர்மேன் வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவர் நகரியிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். அந்த ரூமில் ஒரு நாளும் தங்கவில்லை. இரண்டு வருஷத்தில் குவாரியே நின்றுபோனது. லீஸ் முடிந்தது என்றார்கள், கேஸ் என்றார்கள், மூன்று மாதத்தில் திறந்துவிடுவோம் என்று சொல்லி மானேஜர் ஆபீஸைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். சாவியை அவர் எடுத்துக்கொண்டு போன விதத்திலேயே திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. நான் சந்திரகிரி ரோட்டில் ஒரு கல் கடைக்கு வேலைக்கு வந்து திருப்பதிக்காரன் ஆகிவிட்டேன். நீ பெங்களூர்ப் பக்கம் ஜிகனியில் கல் அறுக்கிற ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். அம்மா சாவுக்கு மல்லிகா மட்டும் கைக்குழந்தையோடு வந்தாள். அழுதாள், கும்பிட்டாள், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

அந்தக் கைக்குழந்தைதான், இருபத்தைந்து வயசுப் பையனாகி, போன சித்திரையில் எனக்கு போன் செய்தான். "மாமா, நைனா பூட்டாரு" என்றான். எப்போது என்று கேட்டேன். மூன்று நாள் ஆகிவிட்டது, அம்மா சொல்ல வேண்டாம் என்றாள், மனசு கேட்காமல் சொல்கிறேன் என்றான். ஆக, உன்னைப் புதைக்கும்போது ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காரியத்துக்குப் போனேன். நீ இருந்த வீட்டை அப்போதுதான் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே எக்ஸ்ரே கவர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நெஞ்சு முழுக்கக் கல் தூசி என்று டாக்டர் சொன்னதாகப் பையன் சொன்னான். உன் படத்துக்கு முன்னால் நின்றபோதும், என்ன இருந்தாலும் நீ என்னை ஏமாற்றப் பார்த்தாயே என்ற எண்ணம் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மல்லிகா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உனுக்குப் புண்ணியமாப் போவும், உண்மையச் சொல்லுண்ணா" என்றாள். "அந்தக் கல்லுல அவுரு எத்தயாச்சும் பூசுனாரா? சாவுற வரைக்கும் நான் பூசல, நான் பூசலன்னு சொல்லிக்கினே கெடந்தாரு."

"பூசியிருந்திச்சும்மா. நானே பார்த்தேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் கிளம்பத் தயாராகிக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மல்லிகா சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பழைய கரண்டியில் தேங்காய் எண்ணெயும் உடைந்த மெழுகுவத்தித் துண்டும் போட்டு உருக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தன் குதிகால் பித்தவெடிப்பில் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் அடைத்தாள். அந்த வாசனை என்னை வந்து அடித்தது.

"இன்னாம்மா அது?"

"பித்தவெடிப்புண்ணா. எனுக்காவது பரவால்ல. அவுருக்கு அந்த மிஷினு அதிருற அதிருல குதிகாலு பாளம் பாளமாப் பொளந்துக்கும். தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்ன நான்தான் ஊத்தி அடைச்சி அனுப்புவேன்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. நம்ம குவாரிலதான ஆரம்பிச்சேன். ஏண்ணா, காப்பி ஆறிப்போச்சா?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கொதிக்கிற கல்லின் மேல் குதிகாலை அழுத்திக்கொண்டு நீ குந்தி உட்கார்ந்திருந்தது அப்படியே கண் முன்னால் வந்தது. கற்பூரம் அணைகிற வரை நீ அந்த மூலையை விட்டு நகரவில்லை. சூட்டில் உன் காலிலிருந்த மெழுகு உருகிக் கல்லில் இறங்கியிருக்கிறது. அதைத்தான் நான் நகத்தால் சுரண்டியிருக்கிறேன். மெழுகு என்று ஒரு வார்த்தை அன்று சொல்லியிருந்தால், நீ காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்திருப்பாய். நாற்பது பேரும் சிரித்திருப்பார்கள்.

இருந்தாலும் மாப்ளே, பஸ்ஸில் திரும்பி வரும்போது என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? கால் மெழுகும் இருந்திருக்கலாம், கல்லில் விரிசலும் இருந்திருக்கலாம், இரண்டும் இருந்தால்? பார்க்காமல் எப்படி நம்புவது? செத்தவனைக்கூட நம்பாத ஜென்மம். இரண்டு நாள் திருப்பதியில் தூக்கம் பிடிக்காமல் கிடந்து, மூன்றாம் நாள் காலை பஸ் ஏறிவிட்டேன். வடமாலபேட்டை தாண்டும்போதே, அந்தக் கல் அங்கே இருக்காது, யாராவது அறுத்துத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தோன்றியது. இருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

நகரியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். குவாரி ரோட்டுக்குள் ஆட்டோ வரவில்லை. ரோடு முழுக்கச் சீமைக் கருவேலம். முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தேன். ஆபீஸ் நின்றுகொண்டிருந்தது, ஆனால் கூரை இல்லை. ஜன்னல்களைச் சுவரோடு பெயர்த்து எடுத்திருந்தார்கள். தரையில் பதித்திருந்த கல்லைக்கூட விடவில்லை. சுவரில் நம் மார்பு உயரத்துக்கு மண் கறை. கேன்டீனில் அடுப்பு மேடை மட்டும் இருந்தது. அதில் யாரோ சமீபத்தில் சமைத்திருக்கிறார்கள், பிராந்தி பாட்டில் கிடந்தது. மருந்து ரூமின் இரும்புக் கதவை எடுப்பதற்காக ஒரு பக்கச் சுவரையே இடித்திருந்தார்கள். தகர லைன் இருந்த இடத்தில் தகரமும் இல்லை, லைனும் இல்லை. அடுப்புக் கல் மூன்று மூன்றாகக் கிடந்ததை வைத்துத்தான் வீடுகளை எண்ண முடிந்தது. காற்றும் மழையும் செய்ததைவிட மனுஷன் செய்ததுதான் அதிகம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. யார் எதை எடுத்திருப்பார்கள் என்று ஊரில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் விசாரித்துக்கொண்டே நடந்தேன்.

கான்கிரீட் ரூமுக்குப் போனேன். கதவு இல்லை. தளத்தில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது, கம்பியும் துருவேறி உப்பியிருந்தது. பின்சுவரைப் பிளந்துகொண்டு அரச மரம் ஒன்று உள்ளே வந்திருந்தது. கீழே ஆட்டுப் புழுக்கை. ஃபேன் மாட்டுகிற கொக்கி மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கொக்கியில் மல்லிகா தூளி கட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

"அந்த ஜன்னல நாங்க எடுக்கல சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி. கையில் கிளை ஒடிக்கிற துரட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கவருமெண்டா நீங்க? திரும்பவும் தொறக்கப் போறாங்களா? இன்னா எழுதிக்கினு போவ வந்தீங்க?"

"நான் ஒண்ணும் எழுத வரல. இங்க வேலை செஞ்சவன்."

"அப்பிடித்தான் போன வருசமும் ரெண்டு பேரு சொன்னாங்க. அடுத்த வாரம் கேன்டீன் கதவக் காணோம்" என்றாள். என்னைவிடப் பெரிய மார்க்கராக இருந்தாள். ஒரு குடம் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரிந்தும், ஒரு கல்லின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குடத்தோடு ஓடிவிடுவேனோ என்று கூடவே வந்தாள்.

கல் இருந்தது மாப்ளே. பள்ளத்தின் விளிம்பில், கழித்துப் போட்ட மற்றக் கற்களுக்கு நடுவில், பாதி முள்ளுக்குள் இருந்தது. பக்கத்தில் கிடந்த கற்களில் பல, என் பெருக்கல் குறி போட்டவைதான், வெயிலும் மழையும் ஏறி விரிசல் வாய் பிளந்து இரண்டாகக் கிடந்தன. அவற்றை நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். உன்னுடையது மட்டும் முழுசாக இருந்தது. அப்போதும் எனக்குப் போதவில்லை. குவாரிப் பள்ளத்தில் பச்சையாக நின்ற தண்ணீரை ஆறு குடம் சுமந்து வந்து ஊற்றினேன். அன்றைக்குப் போலவே.

"கல்லக் குளிப்பாட்டியா வுடுற?" என்றாள் அந்த அம்மா.

மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஈரம் சுருங்கியது. ஏதாவது ஒரு கோடு நிற்காதா, ஒரு விரல் நீளத்துக்காவது நிற்காதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். நான் செய்தது தப்பில்லை என்று சொல்ல எனக்கு அந்த ஒரு கோடு வேண்டியிருந்தது. கல் சுத்தமாகக் காய்ந்தது. மூலையில், கற்பூரம் வைத்த இடத்தில், ஒன்றுமே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மல்லிகாவுக்கு போன் செய்தேன்.

"மல்லிகா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அவன் எதுவும் பூசலம்மா. கல்லுல விரிசலும் இல்ல."

"இன்னொரு தபா சொல்லு" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். அழ ஆரம்பித்தாள். "மூச்சு வுட முடியாமக் கெடந்தாரு அண்ணா. அந்த மூச்சுலயும் இத்தத்தான் சொன்னாரு. நான் 'ம்' னு மட்டும் சொல்லிக்கினு இருந்தேன். நம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லல நானு. எங்கண்ணன் அப்பிடிப் பொய் சொல்லாதுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

பிறகு கேட்டாள்: "பின்ன நீ ஏன் அப்பிடிச் சொன்ன?"

மெழுகு என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் குதிகாலில் தினமும் அதை அடைத்துவிட்டது யார் என்பது ஞாபகம் வந்தது. இதைச் சொன்னால் அந்த ரூம் போனது, ஊர் போனது, நீ ஜிகனித் தூசிக்குப் போனது எல்லாம் தன் கையால் வந்ததென்று அவள் எடுத்துக்கொள்வாள். இல்லை என்று நான் எத்தனை சொன்னாலும் எடுத்துக்கொள்வாள். அவள் என் தங்கை, எனக்குத் தெரியாதா?

"பொறாமைம்மா" என்றேன். "நாங்க கூரை ஊட்ல கெடக்க, நீங்க ஃபேன் போட்ட ரூம்ல போயி இருப்பீங்களேன்னு பொறாமை."

"தூ" என்றாள். "நீ எங்கூடப் பொறந்தவனா?" போனை வைத்துவிட்டாள். ஆடு மேய்க்கிற அம்மா குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "யாரு சார் திட்டுனது, ஊட்டுக்காரம்மாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உனக்கு மட்டும் தெரியட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் மேலும் இல்லை. ப்ளோ லேம்பை எடுக்கப் போகாத என் மேல்தான். அவளிடம் பொறாமை என்று சொன்னது பொய்தான் மாப்ளே. ஆனால் வாயால் சொன்ன பிறகு, அது முழுக்கப் பொய்தானா என்று எனக்கே என் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த ரூமுக்கு நான் ஒரு நாளும் ஆசைப்படவில்லையா? இதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவளுடைய கோபத்தையும் இந்தச் சந்தேகத்தையும் வைத்துக்கொண்டுதான் இனி இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து உன் மகன் போன் செய்தான். "மாமா, இன்னா சொன்ன நீ? அம்மா உன் நம்பர அழிக்கச் சொல்லிச்சு. உன் பேச்ச எடுத்தாலே ஆடுது" என்றான். அழித்துவிடு என்றேன். போனை வைக்கப் போனவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அம்மா காலுக்கு இன்னும் மெழுகு வெச்சிக்குதாடா?"

"வெச்சிக்குதே. தெனம் காலீல. எனுக்கும் வெச்சி வுடறேன்னு ஒரே தொல்ல. ஏன் மாமா கேக்குற?"

"சும்மாதாண்டா" என்றேன்.